கொழுஞ்சியைப் பிடுங்கிய மாசி

எங்கள் தோப்பில் எழுபத்திரண்டு மாமரங்கள் இருந்தன. அவற்றில் அறுபத்தெட்டு செத்ததற்கு வறட்சிதான் காரணம் என்று ஊரில் இன்றைக்கும் சொல்வார்கள். என் முகத்துக்காகச் சொல்கிறார்களோ, உண்மையிலேயே அப்படித்தான் நினைக்கிறார்களோ, எனக்குத் தெரியாது. நான் ஒருநாளும் அதை ஒத்துக்கொண்டதில்லை. வறட்சி பாதி செய்தது. மீதிப் பாதியை நான் செய்தேன். பத்துப் பெண்களைக் கூட்டி வந்து, ஒரு ஏரைப் பூட்டி, இரண்டே நாளில் செய்து முடித்தேன்.

நான் பிறந்தது பரமத்திப் பக்கம், காவிரித் தண்ணீர் வாய்க்காலில் ஓடுகிற ஊர். நெல்லும் வெற்றிலைக் கொடிக்காலும்தான் எங்கள் வெள்ளாமை. அங்கே மண்ணில் ஈரம் இருக்கிறதா என்று யாரும் கேட்டு நான் கேட்டதில்லை. இருக்கும். வரப்பில் நடந்தால் கால் புதையும், அவ்வளவுதான். எங்களுக்குத் தெரிந்த ஒரே எதிரி களை. கொடிக்காலில் ஒரு புல் தலைநீட்டினால் அன்றைக்கு வீட்டில் யாருக்கோ திட்டு விழப்போகிறது என்று அர்த்தம். மண் வெறும் மண்ணாகத் தெரிந்தால்தான் அது பண்ணையம் என்று எனக்கு ஏழு வயதிலேயே மண்டையில் ஏறிவிட்டது.

எழுபதுகளின் தொடக்கத்தில் கட்டிக்கொடுத்தார்கள். வந்து சேர்ந்தது திருச்செங்கோட்டுக்கும் நாமக்கல்லுக்கும் நடுவில் ஒரு மேட்டுக்காடு, வானம் பார்த்த நிலம். செம்மண். மூன்று அடி தோண்டினால் சுக்கான்கல் கடப்பாரையில் இடிக்கும். ஒரு கிணறு, அதுவும் பங்குனி வந்தால் அடி தெரியும். வீட்டில் அவரும், அவருடைய தங்கையும் மட்டும். மாமனார் மாமியார் இரண்டு பேரும் முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தார்கள்.

எனக்கு வாய் நீளம். கோபம் எப்போதும் மூக்கு மேலேயே உட்கார்ந்திருக்கும். அவர் நேர் எதிர். பத்து வார்த்தை சொல்ல வேண்டிய இடத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மம்பட்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு நான் மத்தியானம் வரைக்கும் பேசிக்கொண்டிருப்பேன்.

நான் வந்த வருஷம்தான் ஒட்டு மாங்கன்றுகள் வந்து இறங்கின. பெங்களூராவும் மல்கோவாவும் குண்டுமாக எழுபத்திரண்டு கன்றுகள். அந்த மேட்டுக்காட்டில் கம்பும் கடலையும் தவிர வேறு எதுவும் வராது என்று எல்லோரும் சொன்னார்கள். அவர் பாட்டுக்குக் குழி வெட்டினார். மூன்று வருஷம் குடத்தில் தண்ணீர் எடுத்து ஊற்றினோம். முதல் பிள்ளையை வயிற்றில் வைத்துக்கொண்டு நானும் குடம் சுமந்தேன். அந்த மரங்களின் மேல் எனக்குப் பாத்தியதை இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது.

நாலாம் வருஷமோ ஐந்தாம் வருஷமோ அவருக்குக் காய்ச்சல் வந்து பதினைந்து நாள் படுத்துவிட்டார். படுப்பதற்கு முன்னால் வேலி ஓரம் இருந்த கொழுஞ்சியை அறுத்து ஒரு கட்டாகக் கட்டி ஒரு கன்றின் அடியில் போட்டிருந்தார். அப்படியே மறந்துபோச்சு. கொழுஞ்சி தெரியுமல்லவா? தரிசுக் காட்டில் தானாக முளைக்கும் செடி. முழங்கால் உயரம், சின்னச் சின்ன இலை, ஊதாப் பூ. ஆடுகூட வாய் வைக்காது. காய்ச்சல் தெளிந்து போய் அந்தக் கட்டைத் தூக்கினால், சுற்றிலும் மண் வறண்டு கிடக்க, கட்டுக்குக் கீழே மட்டும் மண் கறுத்து ஈரமாக இருந்திருக்கிறது. அன்றைக்குப் பிடித்தது அவருக்கு அந்தக் கிறுக்கு.

அடுத்த ஆடியில் ஒரு சாக்குக் கொழுஞ்சி விதை கொண்டுவந்தார். அதன் தோல் கல் மாதிரி. அப்படியே விதைத்தால் வருஷக்கணக்கில் மண்ணுக்குள் சும்மா கிடக்குமே தவிர முளைக்காது. ஆற்றுமணலோடு கலந்து களத்தில் கொட்டி, காலால் தேய்த்து, தோலில் கீறல் விழ வைக்க வேண்டும். நானும் அவரும் தங்கையும் மூன்று பேருமாக நின்று தேய்த்தோம். என் மகள் நடுவில் வந்து வந்து விழுந்தாள். உள்ளங்கால் எரிந்தது. "எம்பட ஊட்டுல களையப் புடுங்குவாங்க. இங்க என்னடான்னா களைக்குக் கால் புடிச்சு உடறாங்க" என்று நான் சொன்னதும் தங்கை சிரித்துச் சிரித்து மணலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அதிலிருந்து வருஷா வருஷம் தோப்பு முழுக்கக் கொழுஞ்சி. ஐப்பசி கார்த்திகை மழை செடியின் மேல் விழுந்து, சொட்டுச் சொட்டாக இறங்கி, மண்ணுக்குள் போகும். முன்னே எல்லாம் செம்மண்ணைக் கரைத்துக்கொண்டு பள்ளத்துக்கு ஓடிய தண்ணீர் அதற்கப்புறம் வேலியைத் தாண்டவில்லை. மழைக்காலம் முடிந்து வெயில் ஏறுவதற்குள், வேரைத் தொடாமல், அரிவாளால் அடியோடு அறுத்து, மரத்தின் நிழல் விழுகிற வட்டம் முழுக்க ஒரு முழ உயரத்துக்குப் பரப்பிவிடுவார். கோடை முழுக்க வெயில் அந்த மண்ணைத் தொடாது.

நான் விட்டேனா? "ஏனுங்க, அந்தச் செடியும் தண்ணி குடிக்குந்தானுங்க? மரத்துக்கு உண்டானத அது குடிச்சுப் போடாதா?" என்று கேட்டேன்.

"குடிக்கும். அதனாலதான் வெயில் ஏறறதுக்குள்ள அறுத்துப் போடோணும். உசுரோட இருந்தா மழைக்குக் காவல், அறுத்துப் போட்டா வெயிலுக்குக் காவல்" என்றார். அவர் வாழ்நாளில் என்னிடம் பேசிய நீளமான பேச்சுகளில் அது ஒன்று.

சில நாள் தோப்பிலிருந்து வரும்போது கையை மூடிக்கொண்டு வருவார். "கைய நீட்டு" என்பார். நீட்டினால் உள்ளங்கையில் ஒரு மண் உருண்டையை வைப்பார். கொழுஞ்சிக்கு அடியிலிருந்து எடுத்து அமுக்கிப் பிடித்தது. பங்குனி வெயிலிலும் உடையாமல் நிற்கும், கையில் சில்லென்று இருக்கும். "பாரு, நிக்குது" என்பார்.

"ஊரு ஒலகத்துல புருசன் பூ வாங்கியாந்து குடுப்பான். நீங்க மண்ணு உருட்டியாந்து குடுக்கறீங்க. என்ற தலையெழுத்து" என்று நான் அதை வாசலில் வீசிவிடுவேன். அவர் சிரிப்பார். அத்தனை உருண்டைகளையும் வீசித்தான் இருக்கிறேன்.

மரங்கள் நன்றாகவே வந்தன. அதை நான் மறுக்க முடியாது. ஆனால் பார்க்கிறவர்கள் கண்ணுக்குத் தோப்பு தோப்பாகத் தெரியவில்லை. எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. ஒறம்பரை வந்தால், அதாவது விருந்தாளி வந்தால், சாப்பிட்டு முடித்ததும் ஆம்பிளைகள் எழுந்து காட்டைச் சுற்றிப் பார்க்கப் போவார்கள். சம்பந்தம் பேசும்போது இது கட்டாயம். நகையைப் பிறகு கேட்பார்கள். முதலில் காட்டில் புல் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். காடு புல் மண்டிக் கிடந்தால் அந்த வீட்டு ஆட்கள் சோம்பேறிகள், அந்த வீட்டுப் பெண்ணும் அப்படித்தான் இருப்பாள். இதுதான் கணக்கு. மற்றவர்கள் தோப்பில் வருஷத்துக்கு நாலு உழவு ஓட்டி, வாசல் மாதிரி வைத்திருப்பார்கள். எங்கள் தோப்பைப் பார்த்து வாய்விட்டுச் சொல்லாதவர்கள் மனசுக்குள் சொல்லிக்கொண்டு போனார்கள்.

அவருடைய தங்கைக்கு இருபத்தாறு வயது ஆகிவிட்டது. இரண்டு இடம் பேசி, இரண்டும் தட்டிப்போயிற்று. என் மகளை இடுப்பை விட்டு இறக்காமல் வளர்த்தவள் அவள்தான். நான் எத்தனை கத்தினாலும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசாத பிள்ளை. எண்பதுகள் பிறந்து ஒன்றிரண்டு வருஷம் இருக்கும், மாசி மாசம், ராசிபுரம் பக்கத்திலிருந்து மூன்றாவதாக ஓர் இடம் வந்தது. பெண் பார்க்க வருவதற்கு நாள் குறித்தாகிவிட்டது.

நாலு நாளைக்கு முன்னால் தரகர் வந்தார். மோரைக் குடித்துவிட்டு, இழுத்து இழுத்துச் சொன்னார். "ஒண்ணும் தப்பா நெனைக்காதீங்க அம்முணி. மாப்பிள்ளையோட பெரியப்பா பஸ்ஸுல போறப்ப உங்க தோப்பப் பாத்தாராமுங்க. தோப்பா அது, பாம்புப் பொதரான்னு கேட்டாராமுங்க."

சமையல்கட்டில் தங்கை நின்றுகொண்டிருந்தாள். அவளுக்குக் கேட்டுவிட்டது. அன்று மத்தியானம் அவள் சாப்பிடவில்லை. தட்டை வைத்துக்கொண்டு சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

அவர் வந்ததும் ஆரம்பித்தேன். "இந்தக் கருமத்தப் புடுங்கி எறிஞ்சுட்டு ரெண்டு ஓட்டு ஓட்டி உடுங்க. ஒரு வருசந்தானுங்க."

"இந்த வருசம் மழ பாதிதான் பேஞ்சிருக்குது. இருக்கற ஈரத்த உட்டுட்டா கோடை தாங்காது. மேச்சேரி போயிட்டு வந்ததும் அறுத்துப் போட்டர்றேன்" என்றார்.

"அறுத்துப் போட்டா இன்னும் அலங்கோலமாத்தான் இருக்கும், ஊரு குப்பையெல்லாம் கொண்டாந்து கொட்டுனாப்பல. உங்களுக்கு மரம் பெருசா, கூடப் பொறந்தவ பெருசா?"

அவர் என்னைப் பார்த்தார். "ரெண்டையும் நாந்தான் வளத்துனேன்" என்றார். மறுநாள் காலையில் இரண்டு பெட்டை ஆடு வாங்குவதற்காக மேச்சேரிக்குப் பஸ் ஏறிவிட்டார். அங்கே சொந்தக்காரர் வீட்டில் தங்கி, வந்து சேர மூன்று நாள் ஆகும்.

பஸ் போன கையோடு நான் ஆள் கூப்பிடப் போனேன். நான் செய்தது தெரியாமல் செய்த தப்பு அல்ல. வேண்டாம் என்று சொன்னதை, சொன்ன ஆள் இல்லாத நேரம் பார்த்துச் செய்தேன்.

பத்துப் பெண்கள் வந்தார்கள். அதில் ஒருத்தி களைக்கொத்தைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். "அம்முணி, ஊட்டுக்காரரு சொல்லித்தானுங்க?" என்றாள். "நாஞ்சொல்றேன், புடுங்கு" என்றேன். வேரோடு பிடுங்கினார்கள். வேருக்கு அடியில் மண் பொலபொலவென்று, கறுப்பாக, மண்புழுவோடு வந்தது. அதைப் பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை. நல்ல மண்ணை இந்தக் களை பிடித்துக்கொண்டிருக்கிறதே என்றுதான் தோன்றியது.

வடகிழக்கு மூலையில் ஒரு கட்டுவிரியன் நெளிந்தது. அலறிக்கொண்டு ஓடிவந்த பெண்கள் எத்தனை சொல்லியும் அந்த மூலைக்குத் திரும்பிப் போகவில்லை. அந்த மூலையில் நாலு மரங்கள். ரோட்டிலிருந்து அது தெரியாது என்பதால் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

பிடுங்கிய கொழுஞ்சியை ஒரே போராகப் போட்டுக் கொளுத்தினோம். மறுநாள் ஏர் வந்தது. மரத்தை ஒட்டி நெருக்கி ஓட்டச் சொன்னேன். ஏர்க்கொழு போகப் போக மண்ணுக்குள் ஏதோ சடசடவென்று அறுந்துகொண்டே வந்தது. கொழுஞ்சிக் கட்டை என்று நினைத்தேன். மரத்தின் சல்லி வேர்கள் அவை. ஈரம் மேலேயே கிடைத்ததால் வேர்களும் மேலேயே பரவி இருந்தன. அதை நான் தெரிந்துகொண்டபோது தெரிந்து பிரயோஜனம் இல்லை.

இரண்டாம் நாள் சாயங்காலம் ரோட்டில் போய் நின்று தோப்பைப் பார்த்தேன். சீமாறு போட்டுக் கூட்டி விட்ட வாசல் மாதிரி இருந்தது. செம்மண் பளிச்சென்று தெரிந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைப்பானேன்? இனி எவன் என்ன சொல்வான் பார்க்கலாம் என்று இருந்தது.

அவர் மூன்றாம் நாள் மத்தியானம் வந்தார். இரண்டு ஆடுகளின் கயிறும் கையில் இருந்தது. தோப்பு வாசலில் நின்றவர் நின்றபடியே இருந்தார். நான் சண்டைக்குத் தயாராக, சொல்ல வேண்டியதையெல்லாம் மனசுக்குள் அடுக்கி வைத்துக்கொண்டு போனேன். அவர் குந்தி உட்கார்ந்து ஒரு கைப்பிடி மண் எடுத்தார். அமுக்கினார். கையை விரித்ததும் பாதி உருண்டையாக நின்றது, பாதி விரல் சந்தில் ஒழுகியது.

"புடுங்குனதெல்லாம் எங்க?" என்றார்.

"எரிச்சாச்சுங்க."

தலையை ஆட்டினார். எழுந்து ஆடுகளைக் கொண்டுபோய்க் கட்டினார். அவ்வளவுதான். நான் அடுக்கி வைத்திருந்த பேச்சுக்கு வேலையே இல்லாமல் போயிற்று.

பெண் பார்க்க வந்தார்கள். ஏழு பேர். நல்ல வெயில். பஜ்ஜி, கேசரி, காப்பி எல்லாம் ஆயிற்று. பெண்ணைப் பார்த்தார்கள், பிடித்துப்போயிற்று. ராகுகாலம் வருவதற்குள் கிளம்ப வேண்டும் என்று எழுந்தார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. அந்தப் பெரியப்பாவிடம் நானே போய், "தோப்ப ஒரு எட்டுப் பாத்துட்டுப் போலாமுங்களே" என்றேன்.

பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். "அட, மாமரந்தானுங்க. எங்கூர்ல இல்லாத மாமரமா?" என்றார். தோப்பு இருந்த பக்கம் கழுத்தைக்கூடத் திருப்பவில்லை. ஏழு பேரும் பஸ் ஏறிப் போய்விட்டார்கள்.

என் வீட்டுக்காரர் என் பக்கத்தில்தான் நின்றார். அந்தப் பேச்சு அவர் காதிலும் விழுந்தது. நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

வைகாசியில் கல்யாணம் நல்லபடியாக நடந்தது. தங்கை என்னைக் கட்டிப்பிடித்து அழுதுவிட்டுப் போனாள். அதற்குள் தோப்பில் பிஞ்சு முழுக்கக் கொட்டிவிட்டது. பிஞ்சு கொட்டுவது எல்லா வருஷமும் உண்டு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் மண்ணைப் பார்த்தால் பயமாக இருந்தது. உழுத மேல்மண் மாவாகி, காற்றடித்தால் எழுந்து வீட்டுக்குள் வந்தது. சோற்றில் செம்மண், கொடியில் காயும் துணியில் செம்மண். காலில் செருப்பில்லாமல் தோப்புக்குள் நடக்க முடியவில்லை. முந்தைய கோடைகளில் என் மகள் அதே இடத்தில் வெறுங்காலோடு ஓடி விளையாடியிருக்கிறாள்.

கிணறு அடி தெரிந்துவிட்டது. வண்டியில் பீப்பாய் வைத்து ஒன்றரை மைல் தள்ளியிருந்த குட்டையிலிருந்து அவர் தண்ணீர் கொண்டுவந்தார். ஒரு மரத்துக்கு நாலு குடம். நான் குடத்தை எண்ணி எடுத்துக் கொடுப்பேன், அவர் ஊற்றுவார். மண் முதலில் தண்ணீரை வாங்காது. புழுதி மேல் உருண்டு ஓடும். பிறகு உறிஞ்சும். மறுநாள் மத்தியானம் போய்ப் பார்த்தால், தண்ணீர் ஊற்றிய இடம் அப்பளமாக வெடித்திருக்கும். நாலு குடமும் வெயிலுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும், மரத்துக்கு அல்ல.

ஒருநாள் ஆட்டைத் தேடிக்கொண்டு அந்த வடகிழக்கு மூலைக்குப் போனேன். பாம்புக்குப் பயந்து விட்டுவைத்த இடம். பெண் பார்த்துவிட்டுப் போன மறுநாளே அவர் அங்கே இருந்த கொழுஞ்சியை மட்டும் தனியாக அறுத்துப் பரப்பியிருந்தார். நாலு மரத்திலும் இலை விறைப்பாக, பச்சையாக நின்றது. சருகுக்குள் கையை விட்டேன். சில்லென்று இருந்தது. அந்த மூலைக்கு அவர் ஒரு குடம் தண்ணீர்கூட ஊற்றவில்லை, எனக்குத் தெரியும், குடத்தை எண்ணி எடுத்துக் கொடுத்தவள் நான். அங்கேயே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதேன். அதுவரைக்கும் எனக்குப் புரியவில்லை என்பதை யாராவது நம்புவார்களா? ஐந்தாறு வருஷமாக என் உள்ளங்கையிலேயே வைத்துக் காட்டியும் புரியாதவள் நான்.

அதற்கப்புறம் பைத்தியம் பிடித்தவள் போல அலைந்தேன். எதைக் கொண்டாவது மண்ணை மூட வேண்டும். பனையோலை, கடலைத்தொலி, வேப்பந்தழை, கண்ணில் பட்டதையெல்லாம் தலையில் சுமந்து வந்து மரத்தடியில் கொட்டினேன். சோளத்தட்டு கேட்டுப் போனால் மாட்டுக்கே இல்லை என்றார்கள். ஊரில் மண்ணை மூடக்கூடிய ஒவ்வொரு துரும்பையும் மாடு தின்றுகொண்டிருந்தது. நான் ஒரு கூடை தொலியைக் கொட்டிப் பரப்பிக்கொண்டிருந்தபோது அவர் வந்து நின்றார்.

"ஈரம் இருக்கறப்ப மூடோணும். காஞ்ச மண்ண மூடி என்ன பண்றது?" என்றார். குத்திக்காட்டுவதற்காகச் சொன்னதல்ல. உள்ளதைச் சொன்னார். சொல்லிவிட்டு அவரும் குனிந்து என்னோடு சேர்ந்து பரப்பினார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஆடி மழையும் இல்லை, ஐப்பசி மழையும் இல்லை. மேட்டூர் அணைக்குள்ளே முழுகிக் கிடந்த பழைய கோயிலெல்லாம் வெளியே தெரிகிறது என்று பார்க்கப் போய்வந்தவர்கள் சொன்னார்கள். எனக்கு அதைக் கேட்கவே எரிச்சலாக இருந்தது. தினமும் காலையில் அவர் தோப்புக்குள் போய் ஒவ்வொரு மரமாக நின்று, நகத்தால் பட்டையைக் கீறிப் பார்ப்பார். உள்ளே பச்சை தெரிந்தால் அடுத்த மரத்துக்குப் போவார். பச்சை தெரியாவிட்டால் கொஞ்ச நேரம் அங்கேயே நிற்பார். வீட்டு வாசலிலிருந்து பார்த்தாலே எனக்குத் தெரிந்துவிடும், அவர் எங்கே நிற்கிறார், எவ்வளவு நேரம் நிற்கிறார் என்று. தை மாசத்துக்குள் அவர் நிற்காத மரம் குறைந்துபோயிற்று. மாசி திரும்பி வந்தபோது மூலையில் இருந்த நாலு மரங்கள்தான் மிச்சம்.

மற்றவர்கள் தோப்பிலும் மரம் செத்தது. அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. எங்கள் பக்கத்துத் தோப்பில் பாதிக்கு மேல் போயிற்று. கொழுஞ்சி இருந்திருந்தாலும் எங்களுடையதில் பத்து, இருபது போயிருக்கலாம். பெய்யாத மழையைக் கொழுஞ்சி எங்கிருந்து கொண்டுவரும்? சில நாள் இப்படிச் சொல்லி என்னைத் தேற்றிக்கொள்வேன். அப்புறம் அந்த மூலைப் பக்கம் பார்வை போகும். அந்த நாலு மரங்களும் பச்சையாக நின்று என் வாயை அடைத்துவிடும்.

செங்கல் சூளைக்காரர்கள் வந்து வெட்டினார்கள். கோடாலிச் சத்தம் எட்டு நாள் கேட்டது. கடைசி வண்டி போன அன்று அவர் முன்னால் போய் நின்றேன். "என்னத் திட்டிப்போடுங்க. ஒரே ஒரு வாட்டி. வாய் உட்டுத் திட்டிப்போடுங்க, நா நிம்மதியா இருந்துக்குவேன்" என்றேன்.

"திட்டுனாத் தழையுமா?" என்றார். துண்டை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

அந்த வருஷமே அவர் ரிக் லாரியில் வேலைக்குப் போய்விட்டார். திருச்செங்கோட்டிலிருந்து போர் போடும் லாரிகள் அப்போது கூட்டம் கூட்டமாக வடக்கே போய்க்கொண்டிருந்தன. மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் என்று போனால் ஏழெட்டு மாசம் கழித்துத்தான் வருவார்கள். மூன்றடி மண்ணுக்குள் ஈரத்தைக் காப்பாற்றத் தெரிந்த மனுஷன், மொழி தெரியாத ஊரில் முந்நூறு அடிக்குப் பாறையைத் துளைத்துத் தண்ணீர் தேடிக்கொண்டிருந்தார். வரும்போது காது மந்தமாகி வந்தார். அந்த மிஷின் சத்தம் அப்படி. அவருக்குக் கேட்க வேண்டுமென்றால் நான் கத்த வேண்டும். எனக்குக் கத்துவது ஒன்றும் புதிதல்ல, ஆனால் அதற்கப்புறம் எனக்குக் கத்தவே வரவில்லை.

தோப்பை யாரும் உழவில்லை. உழுது என்ன போடுவது? வெட்டி மிஞ்சிய மரத்தூர்கள் அறுபத்தெட்டும் அப்படியே நின்றன. மூலையில் இருந்த நாலு மரங்களும் காய்த்தன. பிள்ளைகள் தின்றார்கள். அந்தக் காயில் ஒரு துண்டுகூட நான் வாயில் வைத்ததில்லை.

இரண்டு வருஷம் கழித்து மழை வந்தது. ஐப்பசி பிறந்ததிலிருந்து விட்டு விட்டு, நிதானமாக, மண் வாங்குகிற மாதிரிப் பெய்தது. தீபாவளிக்கு அவர் லாரியிலிருந்து வந்திருந்தார். நாலைந்து நாள் மழை விட்டு வெறித்ததும் ஒரு காலையில் நான் தோப்புப் பக்கம் போனேன். போனவள் வாசலிலேயே நின்றுவிட்டேன். வேலியிலிருந்து வேலி வரைக்கும் கொழுஞ்சி. யாரும் விதைக்கவில்லை. நாங்கள் காலால் தேய்த்தபோது கீறல் விழாமல் தப்பிய விதை, வருஷா வருஷம் உதிர்ந்த விதை, நான் பிடுங்கியதற்கும் கொளுத்தியதற்கும் உழுததற்கும் தப்பி மண்ணுக்குள் கிடந்த விதை. எல்லாம் ஒன்றுபோல முளைத்து, மரத்தூர்களை மூடிக்கொண்டு நின்றது.

குந்தி உட்கார்ந்து செடிக்குள் கையை விட்டு ஒரு பிடி மண் எடுத்தேன். அமுக்கினேன். உருண்டை நின்றது. விரல் ரேகைகூட அதில் பதிந்திருந்தது. என்ன நினைத்துக்கொண்டு அதை எடுத்துக்கொண்டு ஓடினேன் என்று எனக்கு இப்போதும் சொல்லத் தெரியவில்லை. அவர் வாசலில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். அவர் பக்கத்தில் போய் நின்று, "கைய நீட்டுங்க" என்றேன். கேட்கவில்லை. அவர் கையைப் பிடித்து நானே விரித்து அதில் உருண்டையை வைத்தேன்.

அவர் அதைப் பார்த்தார். கட்டைவிரலால் மெதுவாக ஒருதரம் தடவினார். முகத்தில் ஒரு கணம் பழைய ஆள் வந்தது போல இருந்தது. பிறகு என் கையை இழுத்து, உருண்டையை உடையாமல் திரும்ப என் உள்ளங்கையிலேயே வைத்தார்.

"எனக்கெதுக்கு சாமி?" என்றார். குரலில் கோபமே இல்லை. "அந்த அறுபத்தெட்டு மரத்துக்குக் கொண்டுபோய்க் காட்டு."

செம்பை எடுத்து மிச்சத் தண்ணீரையும் குடித்தார். நான் அந்த உருண்டையை வீசவும் முடியாமல், கீழே வைக்கவும் முடியாமல், வாசலில் நின்றுகொண்டிருந்தேன். அது வெகு நேரம் ஈரமாகவே இருந்தது.